கல்லில் எழுதிய கதைகள்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறுகின்ற சாலையில், மலையின் 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்குச் சற்று முன்னால், உருண்டு மழமழப்பேறிய பாறைகளுக்கிடையே பல கிளைகளாகப் பிரிந்தும் மறுபடி கூடியும் ஓடுகின்ற ஒரு சிற்றாறு உண்டு. அதற்கு ஊரார் வைத்த பெயரிலே கற்பனை ஏதும் கிடையாது. கல் நிறைந்த ஆறு, ஆகவே கல்லாறு. வாமனபுரம் ஆற்றின் தலைநீர்களுள் ஒன்றாகிய இது, சமவெளிக்கு இறங்கி, ஓவியர் ரவிவர்மா பிறந்த கிளிமானூருக்குச் சற்றுத் தெற்காகக் கடந்து, அஞ்சுதெங்குக் காயலின் பக்கம் கடலைத் தேடிப் போகிறது. ஆடி மழை விடாமல் பெய்த ஒரு பிற்பகலில், அந்த ஆற்றங்கரைச் சாயாக் கடையொன்றின் தாழ்வாரத்தில் ஒதுங்கியிருந்தபோது நான் பையிலிருந்து நனையாமல் எடுத்துப் பிரித்த புத்தகமும் கல்லிலிருந்து பிறந்த புத்தகமாக அமைந்தது தற்செயலேயானாலும், இக்கட்டுரைக்கு அதுவே காரணமாயிற்று. ருஷ்ய நாடோடிக் கதைகளுக்கு இவான் பிலீபின் என்பவர் எழுதிய சித்திரங்கள் அடங்கிய பெரிய அளவுப் பிரதி அது.

கல்லிலிருந்து பிறந்தது என்றது அலங்காரத்துக்காக அல்ல. நம் பெரியவர்கள் கல்லச்சு என்றும், அச்சுக்கூடத்தார் லித்தோ என்றும் சொல்லிவந்த முறையை, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களில் மியூனிக் நகரத்து அலாய்ஸ் செனெபெல்டர் கண்டுபிடித்தார். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டா என்ற, அடுப்படியில் நிற்பவர் அனைவரும் அறிந்த உண்மைதான் அதன் ஆதாரம். இழைத்துச் சமமாக்கிய சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்பு மையினால் எழுதி, கல்லை நனைத்து, அச்சு மையை உருட்டினால், எழுதிய இடம் மையைப் பற்றிக்கொள்ளும். ஈரம் ஏறிய இடம் அதைத் தள்ளிவிடும். பல வண்ணப் படமென்றால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒவ்வொரு கல். ஒரே காகிதம் அத்தனை கற்களின் மேலும் மயிரிழை பிசகாமல் படுத்து எழ வேண்டும். இதற்கு உகந்த கல் பவேரியாவின் ஸோல்ன்ஹோபென் சுரங்கங்களில் கிடைத்தது. உலகமெங்கும் கப்பலேறிச் சென்றது. கல்லாற்றின் கருங்கல் இக்காரியத்துக்கு உதவாது.

பிலீபின் 1876-ஆம் வருஷம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தை அடுத்த தார்ஹொவ்கா என்னும் ஊரில், கடற்படை வைத்தியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். நம் ஊர் நடுத்தரக் குடும்பங்களில் நடப்பதைப் போலவே, சித்திரத்தில் நாட்டமிருந்த பிள்ளையைச் சட்டம் படிக்கச் சேர்த்தார்கள். அவரும் தகப்பனார் மனம் கோணாதபடி சர்வகலாசாலையில் சட்டத்தைப் படித்து முடித்துக்கொண்டே, கலை வளர்ச்சிச் சங்கத்தின் ஓவியப் பள்ளியிலும், 1898-இல் சில மாதம் மியூனிக்கில் ஆன்டன் அஷ்பெ என்பவரின் கூடத்திலும், பின்னர் இளவரசி தெனிஷெவா நடத்திய கலைக்கூடத்தில் மகா சித்திரக்காரரான இல்யா ரேபினிடத்திலும் பயின்றார். இத்தனை ஆசான்கள் இருந்தும், அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது 1899-இன் தொடக்கத்தில் தலைநகரில் நடந்த ஒரு கண்காட்சிதான். விக்தர் வாஸ்நெத்ஸோவ் என்பவர் பல்லாண்டு பாடுபட்டு முடித்த, பழங்கால வீரர் மூவர் குதிரைமேல் நிற்கும் பெரும்படம் அங்கே வைக்கப்பட்டிருந்தது. தம்முடைய மண்ணின் பழங்கதை இவ்வளவு பெரிதாக ஒரு சுவரை நிரப்ப முடியும் என்பதைக் கண்டு திகைத்துப்போன இருபத்திரண்டு வயது இளைஞர், அந்தக் கோடையிலே த்வேர் மாகாணத்து யெக்னி என்னும் கிராமத்துக்குச் சென்று, காட்டையும் மரவீடுகளையும் வேலிகளையும் பார்த்துப் பார்த்து எழுதத் தொடங்கினார். பெரும்படத்தைக் கண்டு மனம் பறிகொடுத்தவர் தாமும் பெரும்படம் எழுதப் போகாமல், புத்தகத்தின் பக்கத்தைத் தேர்ந்துகொண்டதுதான் விசேஷம்.

1901 முதல் 1903 வரை அவருடைய கதைப் புத்தகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியாயின: இவான் ஸாரெவிச், நெருப்புப் பறவை, சாம்பல் ஓநாய் ஆகியோரின் கதை, தவளை இளவரசி, பினிஸ்த் என்னும் ஒளிமிகு வல்லூற்றின் இறகு, அழகி வஸிலீஸா, மார்யா மொரேவ்னா, அக்காள் அல்யோனுஷ்காவும் தம்பி இவானுஷ்காவும், அதனோடு சேர்ந்த வெள்ளை வாத்து. பிரசுரித்தவர்கள் சாதாரணப் புத்தக வியாபாரிகள் அல்லர். சாம்ராஜ்யத்தின் நோட்டுகளையும் பத்திரங்களையும் அச்சிடுகின்ற அரசாங்க அச்சகமே இவற்றை வெளியிட்டது. கள்ள நோட்டுக்காரன் போலிசெய்ய முடியாதபடி ரேகைகளை நுணுக்கமாக அச்சிடும் தேர்ச்சியெல்லாம் ஒரு தவளைக்கும் ஓர் ஓநாய்க்குமாகச் செலவாயிற்று என்பதை நினைக்கையில் எனக்குச் சிரிப்பும் ஒரு பொறாமையும் சேர்ந்தே வருகின்றன. ஒவ்வொரு புத்தகமும் நீளம் 32.5 செண்டிமீட்டர், அகலம் 25.5 செண்டிமீட்டர், பக்கங்கள் பன்னிரண்டேதான். பிள்ளையின் மடியைத் தாண்டித் தரையிலே விரித்துவைத்துக் குப்புறப் படுத்துப் பார்க்கவேண்டிய அளவு.

அவர் எழுதிய முறையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இந்தக் கட்டுரையில் நான் நிறுவ விரும்புவதெல்லாம் அந்த முறையிலேதான் இருக்கிறது. முதலில் பென்சிலால் முழு உருவத்தையும் தீர்மானித்து, மெல்லிய தாளில் பிரதியெடுத்து, அதை நல்ல கனத்த காகிதத்துக்கு மாற்றுவார். பிறகு, நுனி வெட்டிய மெல்லிய தூரிகையைக் காகிதத்துக்குச் செங்குத்தாக நிறுத்தி, கறுப்பு மையினால், கம்பியை வளைத்து ஒட்டியதைப் போல ஒரே பருமனான கோட்டை இழுப்பார். அந்தக் கோட்டிலே நடுக்கமோ, அவசரமோ, திருத்தமோ தெரியாது. இரும்புக் கை இவான் என்று நண்பர்கள் அவருக்குப் பட்டம் கட்டியதன் காரணம் இதுவே. கோடு முழுவதும் முடிந்த பின்னர்தான் நீர்வண்ணம். அந்த வண்ணமும், ஒளியும் நிழலுமாகக் குழைந்து பொருளுக்குத் திரட்சி கொடுக்கின்ற வண்ணம் அன்று. கோட்டினால் வளைக்கப்பட்ட பாத்திக்குள் பாய்ச்சிய நீர்போலச் சமமாக நின்றுவிடும். அந்திப்பொழுதின் மங்கலான பச்சை, துருவேறிய சிவப்பு, சாம்பல் கலந்த நீலம் என்று அடங்கிய நிறங்களையே அவர் பெரும்பாலும் கையாண்டார்.

இவ்வாறு எழுதிய படத்தைக் கல்லச்சுக்காரர் கையில் கொடுத்தால் அவர் செய்யவேண்டியது என்ன? கறுப்புக் கோட்டுக்கு ஒரு கல். ஒவ்வொரு சமநிறத்துக்கும் ஒவ்வொரு கல். எதையும் ஊகிக்க வேண்டியதில்லை; இழப்பதற்கும் ஏதுமில்லை. தைல வர்ணப் படம் அச்சேறினால் நமக்குக் கிடைப்பது அந்தப் படத்தைப் பற்றிய ஞாபகம் மாத்திரமே. பிலீபினின் படம் அச்சேறினாலோ கிடைப்பது படமேதான். ஒரு கிராமத்துப் பள்ளியில் அந்தப் புத்தகத்தைப் பிரித்த பிள்ளைக்கும் அரண்மனையில் பிரித்த பிள்ளைக்கும் எதிரே இருந்தது ஒன்றே. படம் மாத்திரமன்றி, பக்கத்தைச் சுற்றிய பூவேலைக் கரை, முதலெழுத்து, தலைப்பின் எழுத்துரு, அட்டை எல்லாவற்றையும் அவரே வகுத்தார். கதைக்குள்ளே வருகின்ற காளானும் ஆந்தையும் கரைக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களிடம் அவர் பட்ட கடன் வெளிப்படையானது. புஷ்கின் இயற்றிய ஸார் ஸால்தானின் கதைக்கு 1905-இல் வெளிவந்த சித்திரங்களில், ராணியையும் குழந்தையையும் அடைத்த பீப்பாய் கடலில் மிதக்கும் காட்சியைப் பார்க்கிறவர், ஹொக்குஸாயின் பேரலையை அங்கே அடையாளம் கண்டுகொள்ளத் தவறமாட்டார். இதைக் குறையாகச் சொல்லுவோரும் உண்டு. அன்னியரிடம் கற்ற அலையின் மேல் தம் ஊர்ப் பீப்பாயை அவர் மிதக்கவிட்டார். பீப்பாய் மூழ்கவில்லை என்பதே எனக்குப் போதும்.

அவர் கற்பனையை மாத்திரம் நம்பியிருந்தவரும் அல்லர். 1902 முதல் 1904 வரை, பீட்டர்ஸ்பர்க் ருஷ்யக் கலைக் காட்சிசாலையின் இனவியல் பகுதி அவரை வோலக்தா, ஆர்ஹாங்கெல்ஸ்க், ஒலோனெத்ஸ் முதலிய வட மாகாணங்களுக்கு அனுப்பிற்று. அங்கே கிராமம் கிராமமாகச் சென்று பூத்தையல் துணிகளையும் செதுக்கு வேலைகளையும் சேகரித்தார். மரத்தாலான பழைய கோயில்களைப் புகைப்படம் எடுத்தார். வட நாட்டு ஜனங்களின் கலையைப் பற்றி 1904-இல் ‘கலை உலகம்’ பத்திரிகையில் கட்டுரை வரைந்தார். ஆகவே அவருடைய படத்தில் ஒரு கிழவி தலையில் கட்டியிருக்கும் துணியின் கரைக்கு ஒரு மாவட்டம் உண்டு. ஒரு வீட்டுக் கூரையின் முகட்டில் குதிரைத்தலை செதுக்கியிருந்தால் அப்படிச் செதுக்கும் தச்சர் எங்கோ இருந்தார். மாயக்கதைக்கு மெய்யான தச்சுவேலை வேண்டும் என்ற இந்த விவேகத்தை நம் பத்திரிகைச் சித்திரக்காரர்களில் பலர் அறியவில்லை. எந்த நூற்றாண்டுக் கதைக்கும் ஒரே கிரீடத்தை அணிவித்துவிடுகிறார்கள்.

அவர் எழுதிய பாபா யாகா என்னும் சூனியக்காரி, உரலில் ஏறி, உலக்கையை ஊன்றி, துடைப்பத்தால் தடத்தைப் பெருக்கிக்கொண்டே காட்டின் நடுவே பறந்து போகிறாள். அவள் வாசம் செய்வது கோழிக்கால்களின் மேல் நிற்கும் குடிசையில். வட வனங்களில், மிருகங்கள் எட்டாதபடி அடிமரங்களை உயரமாக வெட்டிவிட்டு, அவற்றின் வேர்ப்பிடிப்பின் மேலே சிறு களஞ்சியங்களைக் கட்டும் வழக்கத்திலிருந்துதான் இந்தக் கோழிக்கால் குடிசை தோன்றியிருக்கவேண்டும் என்று சொல்வாருண்டு. கல்லாற்றைச் சூழ்ந்த காடுகளில் வாழும் காணிக்காரர்கள், யானைக்கு அஞ்சி, மரத்தின் கவையிலே ஏறுமாடம் கட்டிக் காவலிருந்த ஜனங்கள். தமிழும் மலையாளமும் கலந்த தம் பேச்சிலே, இரும்புக் கொக்கரையை உரசித் தாளம் எழுப்பி, நோய் தீரச் சாற்றுப்பாட்டுப் பாடுகிறவர்கள். வனத்தில் தனித்திருக்கும் கிழவி ருஷ்யக் கதையிலே அச்சத்துக்குரியவள். இங்கேயோ, இந்தக் கல்லாற்றுக் காட்டில் வாழ்ந்து விஷக்கடிக்கு மருந்து கொடுத்த காணி மூதாட்டி லட்சுமிக்குட்டி அம்மாளை வனமுத்தச்சி என்று கொண்டாடி, 2018-இல் தேசம் பத்மஸ்ரீ விருதளித்தது. ஏறுமாடமும் கொக்கரையும் காட்டு முத்தச்சியும் ஒருங்கே கிடைக்கும் இக்கதைகளுக்கு ஒரு பிலீபின் வாய்க்கவில்லை.

கதைகள் என்று பார்த்தால் இரு நாட்டுக்கும் தூரமே இல்லை. சாவில்லாத கொஷ்செய் என்னும் அரக்கனின் உயிர் ஓர் ஊசிமுனையில் இருக்கிறது. ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள், பெட்டி ஓக் மரத்தின் மேல். ஏழு கடலுக்கும் ஏழு மலைக்கும் அப்பால் குகைக்குள்ளே கூண்டுக்குள்ளே கிளிக்குள்ளே உயிரை ஒளித்துவைத்த நம் அரக்கனுக்கு இவன் ஒன்றுவிட்ட சகோதரன் போலும். தவளையாக வந்த மருமகள் மூத்த மருமகள்களைவிடச் சமர்த்தாகக் காரியம் செய்து மாமனாரை வியக்கவைப்பதும், பிறகு தோலைக் கழற்றி அழகியாக நிற்பதும், குரங்கு வடிவிலும் ஆமை வடிவிலும் நம் பாட்டிமார் சொல்லக் கேட்டவைதாமே. அபனாஸியெவ் என்பவர் 1855 முதல் 1863 வரை ஏறக்குறைய 600 ருஷ்யக் கதைகளைத் தொகுத்து அச்சேற்றினார். நம் பண்டித நடேச சாஸ்திரியார் தென்னாட்டுக் கதைகளை அந்த நூற்றாண்டின் எண்பதுகளில் தொகுக்கலானார். சேகரம் அங்கேயும் நடந்தது, இங்கேயும் நடந்தது. கதையைப் பக்கத்தில் ஏற்றுகின்ற சித்திரக்காரர் விஷயத்தில்தான் பாதைகள் பிரிந்தன.

இங்கே கிளிமானூரை நாம் நாடவேண்டும். ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் ஒன்றை நிறுவி, சகுந்தலை ஜனனம் முதலாகத் தம்முடைய படங்களை ஓலியோகிராப் என்னும் வண்ணப் பிரதிகளாக அச்சிட்டு வெளியிட்டார். ஐந்து வருஷம் கழித்து அச்சகம் லோணாவளாவை அடுத்த மளவலிக்கு மாறிற்று. பிறகு ஷ்லைஷர் என்னும் ஜெர்மானியத் தொழில்நுணுக்கர் அதை விலைக்கு வாங்கிக்கொண்டார். ரவிவர்மா 1906 அக்டோபரில் காலமானார். கல்லச்சின் மூலம் பழங்கதையை ஏழைகளின் வீட்டுக்குக் கொண்டுபோகும் காரியத்தை, கிளிமானூர்க்காரரும் பீட்டர்ஸ்பர்க்காரரும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒருவரையொருவர் அறியாமலே மேற்கொண்டார்கள் என்பது ஆச்சரியமான உண்மை. எனினும் ரவிவர்மா எழுதியது தைல வர்ணத்தில், திரட்சியும் மினுக்கும் கொண்ட ஐரோப்பியப் பாணியில். அதைக் கல்லிலே கொண்டுவர அச்சுக்காரர் கல்லின் மேல் கல்லாக வண்ணங்களை அடுக்கி, திரைச்சீலையின் நெசவுபோலக் காகிதத்தில் பதிவு கொடுத்து, மேலே வார்னிஷும் பூசி, இது காகிதமன்று, துணியில் எழுதிய படம் என்று கண்ணை நம்பச் செய்யப் படாதபாடு பட்டார். லட்சுமியும் சரஸ்வதியும் அதனால் வீடுதோறும் வந்து அமர்ந்தார்கள். அந்தப் பேருபகாரத்தை மறுப்பார் யார்? கலையென்ற நிலையில் பார்க்கையிலோ, பம்பாய்ப் பிரதி வேறொன்றின் நிழலாக நின்றது. பிலீபினின் பிரதி எதற்கும் நிழலாகவில்லை. ரவிவர்மா தெய்வங்களையும் புராண நாயகியரையும் எழுதினார், பிலீபின் ஓநாயையும் தவளையையும் எழுதினார். ஆகையால் இந்த ஒப்பீடு முழுதும் நியாயமன்று என்று எவரேனும் ஆட்சேபித்தால் பாதி ஒப்புக்கொள்வேன். மறுபாதியை ஒப்பாததற்குக் காரணம், இந்த மலையாள தேசத்திலேயே கோட்டின் கலை ஓங்கி நின்றிருந்தது என்பதே.

பத்மநாபபுரம் அரண்மனையின் மேல்மாடத்தில் உள்ள சுவர்ச் சித்திரங்களைக் கண்டவர்க்கு நான் விளக்கவேண்டியதில்லை. (அரண்மனை இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், பராமரிப்பதோ கேரள அரசாங்கம், எனவே இரு ராஜ்யத்தாரும் அதைத் தங்களது என்று சொல்லிக்கொள்ளலாம்.) அந்தச் சம்பிரதாயத்தில் மஞ்சளால் உருவைத் தொட்டு, காவியால் உறுதிசெய்து, ஐந்து வண்ணங்களையும் நிரப்பிய பிறகு, கடைசியாகவே எண்ணெய்க்கரியிலிருந்து எடுத்த கறுப்பினால் விளிம்புகளை எழுதி முடிப்பார்கள். பிலீபின் தொடங்கிய இடத்தில் நம் சுவர்ச் சித்திரக்காரர்கள் முடித்தார்கள். இருசாராருக்கும் உயிர்நிலை கோடேயாகும். பகவதிக்கும் நாகங்களுக்கும் தரையில் எழுதுகின்ற களத்திலும் அப்படியே: அரிசிமாவின் வெண்மை, மஞ்சள்பொடி, உமிக்கரியின் கறுப்பு, இலைப்பொடியின் பச்சை, மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்த சிவப்பு என்று ஐந்தே நிறங்கள், தெளிவான வரம்புகளுக்குள்ளே. கல்லச்சு இவற்றுக்கென்றே பிறந்ததுபோல் இருந்தும், அச்சுக்கூடத்துக்குப் போனது களமும் அன்று, சுவரும் அன்று. மேலைநாட்டு எண்ணெய்ப்படமே போயிற்று.

திருவனந்தபுரத்து அருங்காட்சியகத் தோட்டத்தில், சித்திரைத் திருநாள் மகாராஜாவின் காலத்தில், 1935-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் திறக்கப்பட்ட ஸ்ரீ சித்திராலயத்தில், இந்த விவகாரத்தின் இரு கட்சியும் நெடுங்காலம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. அக்கூடத்தை உருவாக்குவதில் சமஸ்தானத்தின் கலை ஆலோசகராக இருந்த ஜேம்ஸ் கஸின்ஸ் என்னும் ஐரிஷ் கவிஞரின் பங்கு பெரிது. ரவிவர்மாவின் மூலப்படங்கள் அங்கே இருந்தது எதிர்பார்க்கத்தக்கதே. நிக்கொலாய் ரோரிக், அவருடைய புதல்வர் ஸ்வேத்தொஸ்லாவ் ரோரிக் என்னும் ருஷ்யர்களின் இமயமலைப் படங்களும் அங்கே இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நிக்கொலாய் ரோரிக் 1906-இல் பீட்டர்ஸ்பர்க் கலை வளர்ச்சிச் சங்கத்துப் பள்ளியின் தலைவரானார். அடுத்த வருஷம் முதல் பத்தாண்டு அந்தப் பள்ளியிலேயே ஆசிரியராக இருந்தவர் பிலீபின். ‘கலை உலகம்’ பத்திரிகையைச் சார்ந்த குழுவிலும் இருவரும் இருந்தார்கள். புரட்சிக்குப் பின் ரோரிக் பல தேசம் திரிந்து, 1928-இல் குலு பள்ளத்தாக்கின் நக்கர் கிராமத்தில் குடியேறி, 1947 டிசம்பரில் அங்கேயே உயிர்நீத்தார். மகன் நடிகை தேவிகாராணியை மணந்து பெங்களூரின் புறத்தே வாழ்ந்தார். ஆக, பிலீபினின் சகாவுடைய கைவேலை கல்லாற்றிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவிலே தொங்குகிறது. அந்த மலைப்படங்களில் நீலமும் ஊதாவும் தட்டைத் தட்டையாக அடுக்கி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், பழைய ருஷ்யத் திருவுருவப் பலகைகளையும் கிராமக் கலைகளையும் படித்த அந்தத் தலைமுறையின் கை என்று தெரிந்துகொள்ளலாம். மேகம் மலையைப் பாதிவரை அறுத்த ஒரு காலைவேளையில் கல்லாற்றிலிருந்து பொன்முடியை அண்ணாந்து பார்த்தாலும் அப்படித்தான் தெரிகிறது.

பிலீபினின் பிற்பாதி வாழ்க்கையைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். துன்பம் மிகுந்தது, கலையில் முன்பாதியளவு வளமுள்ளது அன்று. 1905-இன் புரட்சிக் கொந்தளிப்பிலே, ராஜ சின்னங்கள் சூழ்ந்த ஆடம்பரச் சட்டத்துக்குள் ஒரு கழுதையை நிறுத்தி, விலங்கியல் புத்தகத்தின் பாணியில் அளவு விகிதமும் குறித்து ஹாஸ்யப் பத்திரிகையில் வெளியிட்டார். பத்திரிகை நின்றது, சித்திரக்காரர் ஒரு நாள் காவலில் இருந்தார். 1909-இல் பொற்சேவல் கதையின் இசை நாடகத்துக்கு மேடையும் உடையும் வகுத்தார். 1917-இல் இடைக்கால அரசாங்கத்துக்காகக் கிரீடமில்லாத இரட்டைத்தலைக் கழுகை எழுதிக் கொடுத்தார். அந்தக் கழுகு எழுபது வருஷம் உறங்கி, பிற்காலத்து ருஷ்ய நாணயங்களில் மறுபடி சிறகை விரித்தது. 1920-இல் அகதிக் கப்பலில் எகிப்துக்குச் சென்று, முகாமிலிருந்து கெய்ரோவுக்கும், பிறகு அலெக்ஸாந்திரியாவுக்கும், 1925-இல் பாரிஸுக்கும் போய்ச் சேர்ந்தார். பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கும் புத்தகங்கள் செய்தார். ஆனால், அந்தப் படங்களில் பழைய ஈரம் இல்லை என்பது என் அபிப்பிராயம். வரைந்த கை மாறவில்லை. கோடைதோறும் போய்ப் பார்த்துவர ஒரு யெக்னி இல்லாமற்போயிற்று. 1936-இல் தாயகம் திரும்பி, லெனின்கிராத் என்று பெயர் மாறியிருந்த பீட்டர்ஸ்பர்க்கின் கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அவருடைய நாட்டு நூல்கள் நம்மிடம் வந்து சேர்ந்த கதையும் சொல்லத்தக்கதே. மாஸ்கோவின் வெளிநாட்டு மொழிப் பிரசுராலயமும், அதன் வழிவந்த முன்னேற்றப் பதிப்பகமும், ராதுகாவும், மலிவு விலையில் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு அனுப்பிய குழந்தை நூல்கள், தமிழ்நாட்டில் நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் மூலமும், கேரளத்தில் பிரபாத் புத்தக நிலையத்தின் மூலமும் சிற்றூர்கள்வரை சென்றன. பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் முதலியோர் தமிழிலும், கோபாலகிருஷ்ணன், ஓமனா தம்பதிகள் மலையாளத்திலும் மொழிபெயர்த்தார்கள். ஒரு தலைமுறையின் பிள்ளைகள் பனியைக் கண்ணால் காணாமலே பனியின் நிறத்தை அறிந்தது அந்தப் புத்தகங்களால்தான். 1991-இல் சோவியத் அரசு கலைந்ததும் அந்த வரத்து நின்றது. பிலீபினின் கதைப்புத்தகங்களை முதலில் அச்சிட்ட நோட்டு அச்சகத்தின் வாரிசாகிய கோஸ்னாக், அவற்றைப் பிற்காலத்தில் பெரிய அளவிலேயே மறுபடி அச்சிட்டு வந்தது. சாயாக் கடையில் நான் பிரித்தது அவ்விதப் பிரதிகளில் ஒன்று.

நம் பக்கத்திலும் கோடு முற்றிலும் செத்துப்போகவில்லை. 1947 ஜூலையில் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமாவில், 1952 முதல் அறுபதாண்டுக் காலம் எழுதிவந்த சங்கர் என்னும் கே. சி. சிவசங்கரன், உருவிய வாளும் தோளில் பிணமுமாக மயானத்தில் நடக்கும் விக்கிரமாதித்தனைக் கறுப்பு மைக்கோட்டினாலே நிறுத்தினார். ஓவியக் கல்லூரியில் முறையாகப் பயின்ற அவர், பத்திரிகைத் தாளில் எது நிற்கும், எது கரைந்துபோகும் என்பதை அறிந்து எழுதினார். ஆகையால் மோசமான அச்சிலும் வேதாளம் வேதாளமாகவே இருந்தது. 2020 செப்டம்பரில் அவர் மறைந்தபோது வெளியான செய்திகளுடன் பெரும்பாலும் அந்த ஒரு படத்தையே போட்டிருந்தார்கள். கிளிமானூரிலிருந்து வந்த பாதையில் அச்சுச் சித்திரம் இழந்திருந்ததை, அம்புலிமாமாவின் மேஜையில் அது திரும்பப் பெற்றது என்பேன்.

பிலீபின் 1942 பிப்ரவரி 7-ஆம் தேதி, ஜெர்மானியர் முற்றுகையிட்ட லெனின்கிராத்தில், பசியால் இறந்தார். அவருடைய கடைசி வேலையும் ஒரு பழங்கதைப் பாட்டுக்கான சித்திரங்களே. கலைக்கழகத்து ஆசிரியர்கள் பலரோடு பொதுக்குழியில் அவரை அடக்கம் செய்தார்கள்.

அதன்பின் எண்பதாண்டுக்கு மேல் சென்றுவிட்டது. ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டு என்ற நம் தேசச் சட்டப்படி அவருடைய சித்திரங்கள் எவருக்கும் பொதுச்சொத்தாகிவிட்டன. யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை, யாருக்கும் பணம் கொடுக்கவேண்டியதில்லை. தமிழ்ப் பதிப்பாளர் எவரேனும் முன்வந்து, முதலில் வெளிவந்த கதைகளையாவது தமிழில் கொண்டுவரவேண்டும். கொண்டுவரும்போது, காகிதச் செலவை எண்ணிப் படத்தைச் சுருக்காமலும், எழுத்துக்கு இடம் வேண்டுமென்று கரையை வெட்டாமலும், 32.5-க்கு 25.5 செண்டிமீட்டர் என்ற அந்தப் பழைய அளவிலேயே அச்சிடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.